பசை போட்ட திருகு

உக்காருங்க தம்பி, பெஞ்சு ரெண்டு பேருக்குத் தாராளமாப் போதும். அந்தப் பையை மட்டும் இடிச்சிராதீங்க, உள்ள மாலை இருக்கு. தென்காசி பஸ்ஸுக்கா? வரும். இந்த ராஜபாளையம் ரோட்டுல தென்காசி பஸ்ஸுக்கு ஒண்ணும் பஞ்சம் இல்ல. டீ சொல்லவா? வேணாமா? சரி.

எதுத்தாப்ல மண்டபத்துல கல்யாணம் நடக்குது பாத்தீங்களா. வாழைமரம் கட்டி, வாசல்ல போட்டோ போர்டு வெச்சிருக்காங்கள்ல. அதுல பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கிற மாப்பிள்ளை என் தங்கச்சி மகன். பேரு பொன்ராஜ். நான் தாய்மாமன். கூடப்பொறந்த தாய்மாமன், ஒண்ணுவிட்ட ரெண்டுவிட்ட உறவெல்லாம் இல்ல.

அப்புறம் ஏன் இங்க உக்காந்திருக்கேன்னு கேக்குறீங்க. கேக்கலையா? மூஞ்சியில கேக்குறீங்க. டீக்கடைக்காரர் காலையிலருந்து வாயாலயே கேட்டுக்கிட்டு இருக்கார். பட்டு வேட்டி கட்டி, சந்தனம் வெச்சு, மாலையும் கையுமா ஒரு ஆளு கல்யாண மண்டபத்துக்கு எதிர்ல வந்து டீக்கடை பெஞ்சுல உக்காந்திருந்தா எவனும் கேக்கத்தான் செய்வான். சொல்றேன். எனக்குக் கோவமெல்லாம் ஒண்ணும் இல்ல தம்பி, அதை மொதல்ல சொல்லிர்றேன். நான் பேசுறதே இப்படித்தான். ஸ்பின்னிங் மில்லுல பிட்டரா இருந்தவன், அந்த இரைச்சல்ல கத்திக் கத்தி தொண்டை இப்படி ஆயிப்போச்சு. கோவக்காரனா இருந்தா இப்படி நிதானமா உக்காந்திருப்பானா?

அவன் என்னை வெளிய உக்காரச் சொன்னான். உக்காந்திருக்கேன். அம்புட்டுதான்.

எல்லாம் ஒரு வாட்ச்சால வந்தது. வாட்ச்சுகூட இல்ல, வாட்ச் செயினு. செயினுகூட இல்ல, செயின்ல இருக்கிற திருகு. எள்ளு தண்டி இருக்கும். அந்த எள்ளு தண்டி திருகுக்காக ஒரு தாய்மாமனைத் தூக்கி ரோட்டுல போட்டுட்டாங்கன்னு சொன்னா நம்புவீங்களா? நம்ப மாட்டீங்க. நானே நம்பல.

எங்க பக்கம் நிச்சயதார்த்தத்தன்னைக்குப் பொண்ணு வீட்டுல மாப்பிள்ளைக்கு வாட்ச் போடுவாங்க. பொண்ணோட கூடப்பொறந்தவன்தான் கையில கட்டிவிடணும், அது மச்சான் முறை. இந்தப் பொண்ணு மாரீஸ்வரிக்கு ஒரே அண்ணன், முத்துவேலு, மஸ்கட்டுல இருக்கான். லீவு கிடைக்கலையாம். வாட்ச்சை மட்டும் ஊருக்கு வந்த எவன் கையிலயோ குடுத்து விட்டிருக்கான். வாட்ச் வந்துருச்சு, மச்சான் வரல. நான் அன்னைக்கே சொன்னேன், மச்சான் இல்லாம என்னய்யா மச்சான் முறைன்னு. யாரு காதுல வாங்குறா. செல்போன்ல அவன் மூஞ்சி தெரியுது, அதைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு பொண்ணோட சித்தி ஒருத்தி நிக்கிறா, கட்டிவிட்டது பொண்ணோட அப்பன்.

பொண்ணோட அப்பன் பேரு காளிராஜன். பாத்திரக்கடை வெச்சிருக்கார். ரொம்ப மரியாதைக்காரரு. எதுக்கெடுத்தாலும் "அதுக்கென்ன அண்ணாச்சி, அதுக்கென்ன அண்ணாச்சி"ம்பாரு. பொண்ணு பாக்கப் போனன்னைக்குச் சாம்பார்ல உப்பு இல்லைன்னு சொன்னேன், "அதுக்கென்ன அண்ணாச்சி"ன்னு தானே போயி உப்புக் கொண்டாந்தார். இப்படிப்பட்டவனை நம்பக்கூடாது தம்பி. உப்பு இல்லைன்னா ரெண்டு வார்த்தை சண்டை போடணும். அப்பத்தான் மனசுல என்ன இருக்குன்னு நமக்குத் தெரியும்.

போனு அடிக்குது. அடிக்கட்டும். தங்கச்சிதான், செல்வக்கனி. காலையிலருந்து அடிச்சுக்கிட்டே இருக்கா. போன்ல கூப்பிட்டா வர்றதுக்கு நான் என்ன ஆட்டோவா?

எங்க விட்டேன்... ஆங், வாட்ச்ச கட்டிவிட்டாச்சு. போட்டோக்காரன் கையைத் தூக்கிக் காட்டச் சொன்னான். நம்மாளும் தூக்குனான். வாட்ச்சு விறுவிறுன்னு முழங்கை வரைக்கும் எறங்கிப் போச்சு. பொண்ணு வீட்டுப் பொம்பளைக கெக்கெக்கேன்னு சிரிச்சாங்க. எங்க பையனுக்கு மணிக்கட்டு சின்னது, அப்படியே அவங்க அம்மா கை. அதுக்காகச் சிரிப்பாங்களா? எனக்கு அப்பவே புரிஞ்சு போச்சு. வேணும்னே பெரிய வாட்ச்சா அனுப்பியிருக்கான், சபையில வெச்சு எங்க பையன் நோஞ்சான்னு காட்டுறதுக்கு. பொன்ராஜுகூடச் சேந்து சிரிச்சான். அவனுக்குச் சூது வாது தெரியாது.

காளிராஜன் உடனே, "அதுக்கென்ன அண்ணாச்சி, நாளைக்குக் கடையில குடுத்து ரெண்டு கண்ணிய எடுத்துட்டாச் சரியாப் போயிரும்"ன்னார். கடையில குடுக்கணுமாம். நான் இங்க குத்துக்கல்லு மாதிரி நிக்கிறேன். மில்லுல ஒரு ஆளு உசரத்துக்கு மிசின், அதைப் பிரிச்சு மேஞ்சு திரும்ப மாட்டினவன் நான். என்னை வெச்சுக்கிட்டு ரெண்டு கண்ணி எடுக்கக் கடைக்குப் போறதா? "குடுங்க இங்க"ன்னு வாங்கிட்டேன்.

சாதா செயின்ல கண்ணிக்கும் கண்ணிக்கும் நடுவுல ஊசி இருக்கும், ஒரு ஆணிய வெச்சுத் தள்ளினா வந்துரும். இதுல ஊசி இல்ல, பக்கவாட்டுல திருகு. என் சாவிக்கொத்துல எப்பவும் ஒரு குட்டித் திருப்புளி தொங்கும், இந்தா பாருங்க. வாய் கொஞ்சம் அகலம்தான். அதனால என்ன, அவங்க வீட்டு வாசப்படிக் கல்லுல நாலு தேய் தேய்ச்சேன். கைக்குக் கிடைச்சதை வெச்சு வேலையை முடிக்கிறவன்தான் பிட்டரு. சம்மணம் போட்டு நடுக் கூடத்துல உக்காந்துட்டேன். தாம்பாளத்தைக் கொஞ்சம் தள்ளி வைங்கன்னு சொல்லிட்டு வேலைய ஆரம்பிச்சேன்.

மொதத் திருகு வந்துருச்சு. ஒரு தடங்கலும் இல்லாம வந்துச்சு, எடுத்துப் பத்திரமாச் சட்டைப் பையில போட்டேன். ரெண்டாவது திருகுதான் அசையல.

திருகு வரலேன்னா என்ன செய்யணும்? உங்களுக்குத் தெரியாது, தெரிஞ்சுக்கங்க. உடனே முரட்டுத்தனமாக் கழட்டக் கூடாது. மொதல்ல இறுக்குற பக்கம் ஒரு நூல் திருப்பணும், அப்புறம்தான் கழட்டுற பக்கம். செஞ்சேன். அசையல. எண்ணெய் விடணும். அடுப்படியிலருந்து தேங்காண்ணெய் வாங்கி ஒரு சொட்டு விட்டேன். அதுக்கும் அசையல. லேசா ஒரு தட்டு தட்டணும், உள்ள புடிச்சிருக்கிறது விட்டுக்குடுக்கும். சுத்தியல் கேட்டா இல்லைங்கிறாங்க. பாத்திரக்கடைக்காரன் வீட்டுல சுத்தியல் இல்ல. அம்மிக் குழவியைக் கொண்டாரச் சொல்லி, அதை வெச்சு ஒரு தட்டு. லேசாத்தான் தம்பி. காளிராஜன் மூஞ்சியைப் பாக்கணுமே, என்னமோ அவரு தலையில தட்டுன மாதிரி கண்ணை மூடிக்கிட்டார்.

அப்பத்தான் அந்தப் பொண்ணு வருது. மாரீஸ்வரி. நிச்சயப் பட்டு கட்டிக்கிட்டு, ஒரு கையில செல்போனு, இன்னொரு கையில தலைமுடி காயவைக்கிற மிசினு. முறைக்கு நான் அவளுக்குப் பெரியப்பா. "பெரியப்பா, அண்ணன் லைன்ல இருக்கான். அந்தத் திருகுல கம்பெனியிலயே பசை போட்டிருப்பாங்களாம். கொஞ்சம் சூடு காட்டினா பசை இளகிருமாம். அப்புறம் திருகச் சொல்றான்"ங்கிறா.

எல்லாரும் இருக்காங்க. எங்க பக்கத்து ஆளுங்க ஒரு கூட்டம், அவங்க பக்கத்து ஆளுங்க ஒரு கூட்டம். நடுவுல நான். எனக்குத் திருகு கழட்ட ஒரு கல்யாணப் பொண்ணு பாடம் எடுக்குறா. "நீ உள்ள போம்மா, இது தலை சீவுற வேலை இல்ல"ன்னேன். தப்பா? சொல்லுங்க. சாதாரணமாத்தான் சொன்னேன். போயிட்டா. உள்ளயும் போகல, கதவுகிட்டயே அந்த மிசினைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறா, நான் கூப்பிடுவேன்னு எதிர்பாக்குற மாதிரி. எனக்கு அதுதான் எரிச்சலாயிருச்சு.

வெச்சு ஒரு அழுத்து அழுத்தித் திருகுனேன். எண்ணெய்ப் பிசுக்கு வேற. திருப்புளி வழுக்கிருச்சு. செயின் மேல நீளமா ஒரு கோடு விழுந்துச்சு, அப்படியே வந்து என் கட்டைவிரல்ல ஏறிருச்சு. இங்க பாருங்க தழும்பு. ரத்தம் கொடகொடன்னு வெத்தலைத் தட்டுல விழுந்துச்சு. அவங்க பக்கத்துல ஒரு அம்மா, "நிச்சயத்தன்னைக்கு ரத்தமா, நல்லாவா இருக்கு"ங்குது. என் ரத்தம் தம்பி. வலிக்குதான்னு கேக்க அந்த வீட்டுல ஒரு நாதி இல்ல. அந்தப் பொண்ணுதான் ஓடியாந்து மஞ்சப்பொடிய வெச்சு அமுக்கித் துணியைச் சுத்துனா. அவளும் என்னத்துக்கு, ஜமுக்காளத்துல ரத்தம் பட்டுருமேன்னுதான். அவங்க வீட்டு ஜமுக்காளம்ல.

குனிஞ்சு பாக்குறேன், திருகோட தலை மழுங்கிப் போச்சு. திருப்புளி உக்கார்ற காடியே இல்ல. அப்ப எனக்கு ஒண்ணு உரைச்சுது. பசைன்னு சொன்னால்ல அந்தப் பொண்ணு? திருகுக்கு எதுக்குப் பசை? நான் காலம் பூராத் திருகோட வாழ்ந்தவன். மரை நல்லா இருந்தா திருகு தானா நிக்கும். மரை தேஞ்ச திருகுக்குத்தான் பசை வெச்சு ஒட்டுவான், அதுவும் திருட்டு வேலை செய்யிறவன். மில்லுல அப்படிப் பசை வெச்சு மாட்டுனவனை நான் ஒருத்தனைச் சீட்டுக் கிழிக்க வெச்சிருக்கேன். அப்ப இது என்ன? கணக்குச் சரியா வருதா இல்லையா?

சொல்லிட்டேன். மறைச்சுப் பேசுற பழக்கம் எனக்குக் கிடையாது. "இது டூப்ளிகேட்டு. நல்ல வாட்ச்சுக்குப் பசை எதுக்குய்யா? மஸ்கட்டு மஸ்கட்டுன்னு சொல்லி எங்க பையன் கையில போலியைக் கட்டி விட்டிருக்கீங்க"ன்னு சபையில கேட்டேன். செல்போன்ல இருந்தவனுக்கும் கேக்கட்டும்னு கொஞ்சம் கிட்டப் போயித்தான் கேட்டேன்.

காளிராஜன் அப்பவாவது "அதுக்கென்ன அண்ணாச்சி"ன்னு சொல்வார்னு பாத்தேன். சொல்லல. தரையைப் பாத்துக்கிட்டு நிக்கிறார். என் தங்கச்சி முந்தானைய வாயில வெச்சுக்கிட்டு அழுகுறா. அவளுக்கு எதுக்கெடுத்தாலும் அழுகை.

அப்ப எந்திரிச்சான் பொன்ராஜு. என்கிட்ட வந்து, கையை நீட்டி, "மாமா, வாட்ச்சைக் குடுங்க"ன்னான். நான் குடுக்கல. அவனே என் கையிலருந்து எடுத்துக்கிட்டான். எடுத்துட்டு, "நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்க மாமா"ன்னான்.

அவனுக்கு அப்பன் போனப்ப ரெண்டு கையிலயும் என் வேட்டியப் புடிச்சுக்கிட்டு நின்ன பய. சைக்கிள் ஓட்டக் கத்துக்குடுத்தது நான். பாலிடெக்னிக்ல சேக்க வாசல் வாசலா நடந்தது நான். பொண்ணு பாக்கப் போனப்ப, "மாமாவுக்குப் புடிச்சாத்தான் எனக்குப் புடிக்கும்"னு சொன்ன வாயி அது. அந்த வாயி என்னை வெளிய உக்காரச் சொல்லுது. வலிச்சுது தம்பி. இந்த விரல் வலியெல்லாம் அன்னைக்கு ராத்திரியே போயிருச்சு.

வெளிய வந்து உக்காந்தேன். யாராவது கூப்பிட வருவாங்கன்னு பாத்தேன். உள்ள இலை போடுற சத்தம் கேட்டுச்சு. எந்திரிச்சு பஸ்ஸேறி எங்க ஊரு சாத்தூருக்கே போயிச் சேந்துட்டேன். வீட்டுல வந்து சட்டையைக் கழட்டும்போதுதான் பாக்குறேன், அந்த மொதத் திருகு பையிலயே இருக்கு. வேணும்னு எடுத்துட்டு வரல. ஆனா வந்துருச்சு. இந்தா பாருங்க, காலி மாத்திரை அட்டைக்குள்ள வெச்சு ஒட்டியிருக்கேன். பிரஷர் மாத்திரை அட்டைதான். எனக்கு பிரஷர் இருக்கு, கோவம் இல்ல.

இந்தத் திருகு இல்லாம அந்தச் செயினை மாட்ட முடியாது பாத்துக்கங்க. எங்க சுத்துனாலும் என்கிட்டத்தான் வரணும். கேட்டா உடனே குடுத்துருவேன். இன்னைய வரைக்கும் ஒருத்தரும் கேக்கல.

மறுபடியும் போனு. இவ விட மாட்டா.

பத்திரிகை வெக்க வந்தாங்களான்னு கேப்பீங்க. வந்தாங்க. அவனும் தங்கச்சியும் தட்டுல வெத்தலை பாக்குப் பழம் எல்லாம் வெச்சு முறையாத்தான் வந்தாங்க. அதுல நான் குறை சொல்ல மாட்டேன். அவன் கால்ல விழுந்தான். "மன்னிச்சிருங்க மாமா, அன்னைக்கு அந்த நேரத்துல சொல்லிட்டேன்"ன்னான். மன்னிப்பு யாரு கேட்டா? நான் கேட்டேனா? வெளிய உக்காருன்னு சொன்ன வாயி, உள்ள வாங்கன்னு சொல்லணுமா இல்லையா? அதைச் சொல்லல. "கல்யாணத்துக்கு வந்துருங்க மாமா, நீங்கதான் மாலை போட்டுக் கூட்டிட்டுப் போகணும்"ன்னான். அது எப்படி உள்ள வாங்கன்னு ஆகும்? என் வீட்டுக்காரி சொல்றா, ரெண்டும் ஒண்ணுதானாம். அவளுக்கு என்ன தெரியும்.

அவதான் இன்னொண்ணும் சொன்னா. அன்னைக்கு நான் வெளிய வந்த பெறகு, அந்தப் பொண்ணு மிசினைப் போட்டுச் செயினுக்குச் சூடு காட்டினாளாம். தலை மழுங்குன திருகுன்னாலும், கொஞ்சம் சூடானதும் பொன்ராஜு இடுக்கியில புடிச்சுத் திருகினானாம், சட்டுன்னு சுத்திருச்சாம். எல்லாரும் கை தட்டினாங்களாம். எதுக்குத் தட்டினாங்க? நான் அம்புட்டு நேரம் மல்லுக்கட்டி, முன்னயும் பின்னயும் ஆட்டி வெச்சிருக்கேன். கடைசியா ஒருத்தன் தொட்டா வரத்தானே செய்யும். நான் ஆட்டி வெச்சது தம்பி அது. பேரு மட்டும் சூட்டுக்கு.

என் வீட்டுக்காரியா? உள்ளதான் இருக்கா. காலையில பஸ்ஸை விட்டு எறங்குனதும், "நீங்க உங்க வீறாப்போட இங்கயே இருங்க, எனக்குப் பந்தியைப் பாக்கணும்"னு போயிட்டா. போகட்டும். எனக்கு ஒண்ணும் இல்ல. மாப்பிள்ளைக்குத் தாய்மாமன் மாலை போட்டு, கையைப் புடிச்சு மேடைக்குக் கூட்டிட்டுப் போனாத்தான் மணவறையில உக்கார முடியும். மாலை எங்க இருக்கு? இந்தா, இந்தப் பையில இருக்கு. அப்பப்பத் தண்ணி தெளிச்சுக்கிட்டே இருக்கேன், ரோசாப்பூ வாடுனா நல்லாருக்காது. அவன் வரணும். வந்து "உள்ள வாங்க மாமா"ன்னு ஒரு வார்த்தை சொல்லணும். நான் எந்திரிச்சு வேட்டியை உதறிக் கட்டிட்டு ரோட்டைத் தாண்டிருவேன். அவ்வளவு சுலபமான காரியம்.

ஒரு நிமிஷம். அந்தா வர்றார் பாருங்க காளிராஜன். லாரி வருது பாக்காமயே ரோட்டைத் தாண்டுறார். நீங்க உக்காருங்க, எந்திரிக்காதீங்க.

வாங்க. நல்லாருக்கேன். இல்ல, வெயில் ஒண்ணும் தெரியல. இங்கயே காத்து நல்லா வருது. உங்களை நான் ஒண்ணும் சொல்லல. நீங்க போங்க, உங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும். கையை விடுங்க. கையை விடுங்கங்கிறேன். சரி. சரி. பாப்போம்.

போறார் பாத்தீங்களா. கேட்டீங்கள்ல, என்ன சொன்னார்னு? "அண்ணாச்சி, முகூர்த்த நேரம் போகுது, மாப்பிள்ளை நீங்க வந்தாத்தான் எந்திரிப்பேன்னு ரூம்லயே உக்காந்திருக்காரு, எம் பேச்சு எதும் தப்பா இருந்தா மனசுல வெச்சுக்காதீங்க"ங்கிறார். கையைப் புடிச்சுக்கிட்டுக் கண்ணுல தண்ணி வேற. அதுக்கு மேல ஒண்ணு சொன்னாரே, அதைக் கவனிச்சீங்களா? நான் இந்த மாத்திரை அட்டையை எடுத்து நீட்டுறேன், "அதுக்கென்ன அண்ணாச்சி, முத்துவேலு நேத்து வரும்போது அந்தக் கம்பெனித் திருகே வாங்கிட்டு வந்துட்டான், மாப்பிள்ளை போட்டுட்டாரு, நீங்க வந்தாப் போதும்"ங்கிறார். புரியுதா? உன் திருகு எங்களுக்கு வேணாம்னு சொல்லிட்டுப் போறார். அதைச் சொல்லத்தான் ரோட்டைத் தாண்டி வந்திருக்கார். என்னைக் கூப்பிடவா வந்தார்?

கம்பெனித் திருகாம். அப்ப அது நெசமான வாட்ச்சுன்னு எனக்குக் காட்டுறாங்களாம்.

போகும்போது இன்னொண்ணும் சொன்னார். இனியும் நேரம் கடத்த முடியாதாம். நான் வரலேன்னா என் வீட்டுக்காரியையே மாலை போட்டுக் கூட்டிட்டு வரச் சொல்லலாமான்னு தங்கச்சி கேக்கச் சொன்னாளாம். பொம்பளை எங்கயாவது தாய்மாமன் மாலை போடுவாளா? சும்மா மிரட்டிப் பாக்குறாங்க. "பாப்போம்"னு சொன்னேன். நான் மாட்டேன்னு சொல்லலையே. கேட்டீங்கள்ல? பாப்போம்னுதான் சொன்னேன். அவன் வரட்டும். ரூம்ல உக்காந்திருக்கிறவனுக்கு எந்திரிச்சு இங்க வர எம்புட்டு நேரம் ஆகும்?

மாலை சூடின மாப்பிள்ளை வாசலைத் தாண்டக் கூடாதுன்னு சொல்வாங்கதான். அதுக்கு இன்னும் மாலையே சூடலையே.

தண்ணி கொஞ்சம் குடுங்கய்யா. குடிக்க இல்ல, மாலைக்கு.

என்ன, போனு நின்னு போச்சு. சார்ஜு இருக்கே. இருக்கு, பாதிக்கு மேல இருக்கு. அப்ப அவதான் அடிக்கல. வேலையா இருப்பா. மாப்பிள்ளைக்கு அம்மான்னா சும்மாவா, நூறு பேரு நூறு பக்கம் கூப்பிடுவாங்க.

நல்லா வாசிக்கிறான்ல நாதஸ்வரக்காரன். இவ்வளவு நேரம் மெதுவா வாசிச்சுக்கிட்டு இருந்தான். இப்ப என்ன, கெட்டிமேளம் மாதிரி... கெட்டிமேளம்தான். பக்கத்துத் தெருவுலயும் ஒரு மண்டபம் இருக்கு தம்பி, இன்னைக்கு முகூர்த்த நாளாச்சே, அங்கயா இருக்கும். இங்கருந்து கேக்குற மாதிரிதான் இருக்கும், காத்து அப்படி. என் மாலை இங்க இருக்கு. நான் இங்க இருக்கேன். அப்புறம் எப்படிக் கெட்டிமேளம் கொட்டுவாங்க?

நீங்க ஏன் தலையைக் குனிஞ்சுக்கிட்டீங்க. டீக்கடைக்காரரே, நீங்க ஏன்யா அடுப்பைப் பாக்குறீங்க. உங்க வேலையைப் பாருங்க.

அந்தா பஸ் வந்துருச்சு. ஏறுங்க தம்பி. கொஞ்சம் நகந்துக்கங்க, நானும் வர்றேன். எங்கயா? தென்காசிக்குத்தான். எனக்கும் அங்க ஒரு ஜோலி இருக்கு. என்ன ஜோலின்னு உங்களுக்கு எதுக்கு? மாலை பெஞ்சுலயே கெடக்கட்டும். எனக்கு வேணாம். நீங்க ஜன்னல் பக்கம் உக்காருங்க. இல்ல, வேணாம், நான் உக்கார்றேன்.

என்னய்யா இன்னும் எடுக்க மாட்டேங்கிறான் டிரைவரு. யாரோ ஓடி வர்றாங்களாமா? வர்றவங்க அடுத்த பஸ்ல வரட்டும். எடுக்கச் சொல்லுங்க.

எங்க? எந்தப் பக்கம்?

அவன்தான். பொன்ராஜுதான். மாலையும் கழுத்துமா நடுரோட்டுல ஓடி வர்றான் பாருங்க, புத்தி இருக்கா இவனுக்கு. பொண்ணும் கூடவே சேலையைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு வருது. அதுக்குப் பின்னால வேர்க்க வேர்க்க என் வீட்டுக்காரி. அப்ப அந்த மாலை அவ போட்டதுதான். போட்டுட்டாளே தம்பி. நெசமாவே போட்டுட்டா.

பெஞ்சுகிட்ட நின்னுட்டான். பையைப் பிரிக்கிறான். என் மாலையை எடுக்கிறான். யாருமே போட்டு விடாம, தானே எடுத்துத் தன் கழுத்துல போட்டுக்கிட்டான். அட, பூவெல்லாம் உதிருது பாருங்க. மெதுவாப் போடத் தெரியாது.

பஸ்ஸு நகருது. நிறுத்தச் சொல்லாதீங்க தம்பி, நீங்க சும்மா இருங்க. நான் சொல்றேன்ல, போகட்டும். கையைத் தூக்குறான். நிறுத்துங்க நிறுத்துங்கன்னு கையைத் தூக்கி ஆட்டிக்கிட்டே ஓடி வர்றான். மணிக்கட்டைப் பாருங்க, வெயில்ல மின்னுதே, தெரியுதா? கை அம்புட்டு உசரத்துல ஆடுது, வாட்ச்சு நின்ன இடத்துல நிக்குது. ஒரு நூல் எறங்கல. ஒரு விரல் உள்ள போற அளவு இடம் விட்டு, சரியா, அளவா...

நான் ஆட்டி வெச்சது தம்பி அது.